புது அசெம்பிள் கம்ப்யூட்டர்: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை (ரைசன் 9600எக்ஸ் + பி650)

நீலவானம்

வணக்கம். புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பவர் பட்டனை அழுத்தினால் எல்லா ஃபேனும் சுற்றுகின்றன, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". அப்படியே விட்டுவைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தானாக அணைவதும் இல்லை, ரீஸ்டார்ட் ஆவதும் இல்லை.

ப்ராசஸர்: ஏஎம்டி ரைசன் 5 9600எக்ஸ்
மதர்போர்டு: பி650 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ், நாலு ரேம் ஸ்லாட்
ரேம்: டிடிஆர்5 6000, 16 ஜிபி இரண்டு
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): 650 வாட், முழு மாடுலர் (எல்லா கேபிளையும் கழற்றி மாட்டலாம்)
எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ
கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை

போர்டின் வலது மேல் மூலையில் நாலு சின்ன விளக்குகள் இருக்கின்றன. ஆன் செய்ததும் சிபியு என்று எழுதிய சிவப்பு விளக்கும் டிராம் என்று எழுதிய மஞ்சள் விளக்கும் எரிகின்றன. இரண்டும் அணைவதே இல்லை.

ரேம் இரண்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2, 4 ஆவது ஸ்லாட்டில். 24 பின் கேபிள், ப்ராசஸருக்கான 8 பின் கேபிள் இரண்டும் கிளிக் கேட்கும்வரை அழுத்திச் செருகப்பட்டிருக்கின்றன. எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டின் பின்பக்கத்தில். அதே மானிட்டரும் கேபிளும் லேப்டாப்பில் நன்றாக வேலை செய்கின்றன.

கடையில் மாற்றித் தர ஏழு நாள் கெடு. எதைக் கழற்றி எடுத்துப்போக வேண்டும்? ரேமா, போர்டா, ப்ராசஸரா?

செம்புக்கம்பி

எதையும் இப்போது கழற்ற வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, மதர்போர்டு பெட்டியின் மேல் "ரைசன் 9000 ரெடி" என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா? இரண்டு, போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் "ஃப்ளாஷ் பயாஸ்", "பயாஸ் ஃப்ளாஷ்பேக்", "க்யூ-ஃப்ளாஷ் ப்ளஸ்" என்று ஏதாவது ஒரு பெயரில் சின்ன பட்டன் இருக்கிறதா? சில போர்டுகளில் அது பின்பக்கம் இல்லாமல் போர்டின் மேலேயே இருக்கும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தவை. ரைசன் 9000 வரிசை வந்தது 2024 ஆகஸ்டில். இரண்டுக்கும் சாக்கெட் ஒன்றுதான், ஏஎம்5. ப்ராசஸர் சரியாக உட்காரும், லீவரும் பூட்டும், கரண்டும் போகும். ஆனால் ப்ராசஸரை எழுப்பி வேலைக்கு நிறுத்துவது போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ். அதற்குத் தேவையான அடிப்படை நிரலை ஏஎம்டி ஏஜீசா என்ற பெயரில் போர்டு கம்பெனிகளுக்குத் தருகிறது; அவர்கள் அதைத் தங்கள் பயாஸுக்குள் வைத்து வெளியிடுகிறார்கள். 2023-ல் ஃபேக்டரியை விட்டு வந்து குடோனில் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு 9600எக்ஸ் யாரென்றே தெரியாது. ப்ராசஸரும் நல்லது, போர்டும் நல்லது, ஆனாலும் டிஸ்ப்ளே வராது.

ஃபேன் சுற்றுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 12 வோல்ட் வந்துவிட்டால் அது சுற்றும். ப்ராசஸர் ஒரு கட்டளையைக்கூட இயக்காத நிலையிலும் ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றலாம்.

பார்க்க வேண்டியது அந்த நாலு விளக்கைத்தான். பயாஸ் வேலையைத் தொடங்கும்போது சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (துவக்க டிஸ்க்) என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. எங்கே நின்றுபோகிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். உங்களுக்குச் சிவப்பும் சேர்ந்து எரிவதால் முதல் படியையே தாண்டவில்லை என்று கொள்ளலாம். ரேம் சோதனை தொடங்கியிருக்கவே வாய்ப்பில்லை, ஆகவே மஞ்சள் விளக்கைப் பார்த்து ரேமைச் சந்தேகிக்க வேண்டாம்.

மஞ்சள் மட்டும் எரிந்திருந்தால் நான் சொல்வது வேறாக இருக்கும். டிடிஆர்5 ரேமை முதல்முறை இயக்கும்போது போர்டு அதன் நேர அளவுகளைத் தானே பரிசோதித்துப் பொருத்திக்கொள்ளும். மெமரி ட்ரெய்னிங் என்பது இதுதான். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். 16 ஜிபி இரண்டு என்றால் பொதுவாகச் சில நிமிடங்கள். நாலு ஸ்டிக், பெரிய கொள்ளளவு என்றால் 10, 15 நிமிடம்கூட ஆகலாம். பலர் இரண்டாவது நிமிடத்திலேயே பொறுமையிழந்து அணைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை அது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அஞ்சறைப்பெட்டி

பயாஸா இருக்கலாம், ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி கையால செய்யக்கூடியதை முடிச்சிடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணி, ப்ளக்கையும் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. மிச்சக் கரண்ட் இறங்கிடும். டிடிஆர்5 ரேம்ல வோல்டேஜைப் பிரிச்சுக் கொடுக்கிற சிப் ஸ்டிக்லயே இருக்கு, அதனால கரண்ட் இருக்கும்போது ரேமைக் கழட்டவே கூடாது.

முதல்ல ஒரே ஒரு ரேம், ப்ராசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல. நிறைய போர்டுல ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் லாக் இருக்கும். லாக் இல்லாத பக்கம் முழுசா இறங்காம நிக்கும், பார்வைக்கு உக்காந்த மாதிரியே தெரியும். ரெண்டு முனையையும் தனித்தனியா அழுத்திப் பாருங்க.

அப்புறம் சிமாஸ் க்ளியர், அதாவது பயாஸ் செட்டிங்கை எல்லாம் அழிச்சு பழைய நிலைக்குக் கொண்டுவர்றது. போர்டுல ஜேபேட் இல்லன்னா சிஎல்ஆர் சிமாஸ்னு போட்ட ரெண்டு பின் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டையும் ஒரு பத்து செகண்ட் சேர்த்துத் தொடுங்க. அது கண்ணுல படலைன்னா சிஆர்2032 பட்டன் செல்லைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க.

ப்ராசஸர் கேபிளையும் ஒருதடவை பாருங்க. ப்ராசஸருக்கு வர்றது 4+4, கிராஃபிக்ஸ் கார்டுக்கு வர்றது 6+2. ரெண்டுமே 8 பின்தான், ஆனா உள்ள 12 வோல்ட்டும் கிரவுண்டும் தலைகீழா வரும். ஓட்டையோட வடிவம் வேறங்கிறதால சுலபமா நுழையாது. பலம் போட்டு அமுக்குறவங்க இருக்காங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சிவப்பு போகலைன்னா கூலரைக் கழட்டி, ப்ராசஸரை எடுத்து, சாக்கெட் பின் வளைஞ்சிருக்கான்னு பாத்துடுங்க.

செம்புக்கம்பி

மேலே சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. சாக்கெட்டைத் திறப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏஎம்5-ல் 1718 தொடர்பு முனைகள். பழைய ஏஎம்4 போல ப்ராசஸரின் அடியில் அல்ல, போர்டின் சாக்கெட்டுக்குள் நிற்கின்றன, தலைமுடி போல் மெல்லியவை. கூலரைப் பிடுங்கும்போது கை நழுவினால், ப்ராசஸரின் ஒரு மூலை அதன் மேல் விழுந்தால் போதும், நல்ல போர்டு அன்றைக்குக் கெடும். கடையிலும் அதன் பிறகு வாரண்டி கேட்க முடியாது. பயாஸ் பழையதா என்று தெரிந்துகொள்ள எதையும் பிரிக்கத் தேவையில்லை, அதனால் அது முதலில்.

திறந்தே ஆகவேண்டிய நிலை வந்தால்: கூலரை நேராக இழுக்காமல் இடவலமாக லேசாகத் திருகி தெர்மல் பேஸ்ட்டின் பிடியை விடுவித்த பின் தூக்குங்கள். ப்ராசஸரை ஓரங்களில் மட்டும் பிடித்து நேர் மேலாக எடுங்கள். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள். நல்ல பின்கள் ஒரே சீராக மின்னும். வளைந்தது இருந்தால் அந்த வரிசையில் ஒளி உடைந்து தெரியும். துணி, பஞ்சு எதையும் அதில் படவிடாதீர்கள். பார்த்து முடிந்ததும் புது பேஸ்ட் பட்டாணி அளவு. பழைய பேஸ்ட்டின் மேலேயே உட்காரவைக்கக் கூடாது.

நீலவானம்

இருவருக்கும் நன்றி. ஒரே ரேமில் சோதித்தாயிற்று, சிமாஸ் க்ளியரும் செய்தாயிற்று, மாற்றமில்லை. ப்ராசஸர் கேபிளில் 4+4 என்றுதான் அச்சாகியிருக்கிறது.

பெட்டியில் 9000 ஸ்டிக்கர் இல்லை, "ரைசன் 7000" என்று மட்டும் இருக்கிறது. போர்டு கம்பெனியின் தளத்தில் ப்ராசஸர் பட்டியலைப் பார்த்தேன். 9600எக்ஸ்-க்கு நேரே கொடுத்திருக்கும் பயாஸ் எண் 2024-ன் நடுப்பகுதியில் வெளியானது. 24 பின் சாக்கெட் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் அதைவிடச் சிறிய எண் இருக்கிறது.

பின்பக்கம் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் இருக்கிறது. டிஸ்ப்ளேயே வராதபோது அதை எப்படிப் பயன்படுத்துவது?

செம்புக்கம்பி

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. அந்த பட்டன் இருப்பதே இந்த நிலைக்காகத்தான். பயாஸ் சிப்பில் எழுதும் வேலையை போர்டிலுள்ள ஒரு தனி சிப் செய்கிறது. ப்ராசஸர், ரேம், டிஸ்ப்ளே எதுவும் இயங்க வேண்டியதில்லை. போட்டிருப்பதைக் கழற்றவும் வேண்டாம்.

பென் டிரைவ்: 32 ஜிபி அல்லது அதற்குக் கீழ். ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பெரும்பாலான போர்டுகள் படிக்காது. 64 ஜிபி டிரைவை விண்டோஸில் வழக்கமான முறையில் ஃபார்மேட் செய்யப்போனால் ஃபேட்32 என்ற தேர்வே வராமல் போகலாம், அதனால்தான் சிறியதைத் தேடச் சொல்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு பயாஸ் கோப்பை மட்டும் வையுங்கள், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல்.

கோப்பு: போர்டின் முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு இறக்குங்கள். வைஃபை உள்ள போர்டு, இல்லாத போர்டு, போர்டில் அச்சடித்த ரிவிஷன் எண், எல்லாம் பொருந்த வேண்டும். சோதனைப் பதிப்பான பீட்டாவை விட்டுவிட்டு கடைசி முழுப் பதிப்பை எடுங்கள். ஜிப்பைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும்.

பெயர் மாற்றம்: அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பட்டன் வழியாக எழுதும்போது போர்டு ஒரு குறிப்பிட்ட பெயரைத்தான் தேடும். எம்எஸ்ஐ போர்டுகளில் ஆங்கில எழுத்தில் எம்எஸ்ஐ.ரோம், கிகாபைட்டில் கிகாபைட்.பின், ஆஸ்ராக்கில் க்ரியேட்டிவ்.ரோம். ஆசுஸில் ஜிப்புக்குள்ளேயே பெயர் மாற்றும் சின்ன நிரல் இருக்கும், அதை ஒருமுறை இயக்கினால் போதும். உங்கள் போர்டின் மேனுவலில் இருப்பதே இறுதி. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைத்திருந்தால் நீங்கள் வைக்கும் பெயருக்குப் பின்னால் இன்னொரு பின்னொட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் பின்னொட்டைக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பெயர் வையுங்கள்.

எழுதுவது: 24 பின், ப்ராசஸர் 8 பின் இரண்டும் செருகியிருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆன், ஆனால் கம்ப்யூட்டர் அணைந்தே இருக்க வேண்டும். பவர் பட்டனைத் தொட வேண்டாம். யுஎஸ்பி போர்ட்டுகளில் இதற்கென ஒன்று மட்டும் குறியிட்டிருக்கும், பென் டிரைவ் அதில்தான். பிறகு ஃப்ளாஷ் பட்டனை மூன்று நொடி பிடித்து, விளக்கு மினுக்கத் தொடங்கியதும் விடுங்கள். 5 முதல் 10 நிமிடம் ஓடும். இடையில் சில போர்டுகள் தாமாக ஆன் ஆகி அணையும், கலங்க வேண்டாம். மினுக்கல் முழுக்க நின்றபின் இன்னும் ஒரு நிமிடம் விட்டு டிரைவை எடுங்கள்.

சில நொடி மட்டும் மினுக்கி நின்றுவிட்டாலோ, அசையாமல் எரிந்தாலோ கோப்பை அது படிக்கவில்லை. பெயர், ஃபார்மேட், யுஎஸ்பி போர்ட், இந்த வரிசையில் சரிபாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 டிரைவ்கள் இதில் நன்றாக ஒத்துழைக்கின்றன.

யுபிஎஸ் இருந்தால் அதில் செருகிச் செய்யுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள். பாதியில் நின்றுபோனாலும் இதே பட்டனால் திரும்ப எழுத முடியும் என்பது இந்த முறையின் பெரிய பலம். ஆனாலும் வலியப் போய் அதைச் சோதிக்க வேண்டியதில்லை.

கரிசல்காடு

இதே போல எனக்கும். ஆனால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை, எந்த விளக்கும் எரியவில்லை. ரைசன் 7600, பி650 போர்டு. எனக்கும் பயாஸ் அப்டேட்தான் தீர்வா?

மின்தடம்

இல்லை. உங்களுடையது பயாஸ் வரைக்கும் போகவே இல்லை. 7600-க்குப் புது பயாஸ் தேடி அலைய வேண்டிய அவசியமும் அநேகமாக இருக்காது. மின்சாரம் எங்கே நிற்கிறது என்று சுவரிலிருந்து உள்ளே போகலாம்.

எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. 24 பின் கேபிள் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முழு மாடுலர் என்றால் கேபிளின் மறுமுனை, அதாவது எஸ்எம்பிஎஸ் பக்கம், அரைகுறையாக நிற்பது சகஜம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். போர்டு பக்க முனைதான் எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். பார்வைக்குப் பொருந்தும், ஆனால் போர்டையோ எஸ்எஸ்டியையோ எரித்துவிடும்.

அடுத்து கேபினெட் பட்டன். முன்பக்க ஒயர்கள் வரும் 9 பின் தொகுப்பில் பெரும்பாலான போர்டுகளில் 6, 8 ஆவது பின்கள் பவர் சுவிட்ச். கேபினெட் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். ஆன் ஆகிவிட்டால் கோளாறு பட்டனிலோ ஒயர் செருகிய இடத்திலோ. மாற்று கேபினெட் வரும்வரை ரீசெட் பட்டனின் ஒயரை இந்த பின்களில் செருகிச் சமாளிக்கலாம்.

அப்போதும் அசைவில்லை என்றால் மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை ஏதாவதொரு கிரவுண்டில், சிவப்பு முனை 24 பின்னில் 9 ஆவது பின்னில். கம்பெனி நிறம் போட்டிருந்தால் அது ஊதா ஒயர். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் இங்கே 5 வோல்ட் நிற்க வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரி. அது இல்லையென்றால், கேபிளை போர்டிலிருந்து கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். கழற்றியதும் வந்துவிட்டால் போர்டில் எங்கோ ஷார்ட். கழற்றியும் வராவிட்டால் எஸ்எம்பிஎஸ்.

5 வோல்ட் இருந்தால், போர்டிலிருந்து கழற்றிய 24 பின்னில் 16, 17 ஆவது பின்களை ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியே ஆன் ஆக வேண்டும். பச்சை ஒயரும் பக்கத்துக் கறுப்பும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைச் செருகி, பிறகு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றவில்லை என்பதால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். லோடு குறைவாக இருந்தால் ஃபேனை நிறுத்திவைக்கும் எஸ்எம்பிஎஸ்கள் நிறைய இருக்கின்றன. ப்ராசஸர் கேபிளில் 12 வோல்ட்டை அளந்து பாருங்கள், 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கியிருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு: ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடும். அது ஷார்ட்டின் அடையாளம். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண்களில் ஒன்று ஓட்டை இல்லாத இடத்தில், போர்டின் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பெரிய கேபினெட்டில் போடும்போது இது அதிகம் நடக்கிறது. போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள் மட்டும் கொடுத்து ஆன் செய்தால் தெரிந்துவிடும். போர்டு வந்த பளபளப்பான கவரின் மேல் வைக்கக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தக்கூடிய வகை.

நீலவானம்

பயாஸ் எழுதி முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்து, மஞ்சள் மட்டும் சற்று நேரம் எரிந்து, டிஸ்ப்ளே வந்துவிட்டது! ஆனால் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் பற்றி ஏதோ எழுதி, ஒய் அல்லது என் அழுத்தச் சொல்கிறது. எதை அழுத்துவது? பயாஸுக்குள் போனால் ரேம் வேகம் 4800 என்று காட்டுமா, 6000 என்றா?

செம்புக்கம்பி

பயாஸோ ப்ராசஸரோ மாறினால் அந்தக் கேள்வி வரும். எஃப்டிபிஎம் என்பது ப்ராசஸருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி; அந்தச் சாவிகளை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்கிறது. புது எஸ்எஸ்டி, இன்னும் விண்டோஸ் போடவில்லை என்றால் ஒய் அழுத்தலாம். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க்கைச் செருகியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் அழுத்துங்கள்.

ரேம் 4800 அல்லது 5600 என்றுதான் காட்டும், அது இயல்பு. 6000 என்பது ரேம் சிப்பில் எழுதிவைத்த எக்ஸ்போ என்ற கூடுதல் வேக ப்ரொஃபைல், நாம்தான் பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். முதலில் இரண்டு ரேமும் சேர்ந்து 32 ஜிபி தெரிகிறதா, ப்ராசஸர் வெப்பம் பயாஸ் திரையில் ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 16 மட்டும் தெரிந்தால் கூலர் ஸ்க்ரூக்களை ஒரே அளவாக, எதிரெதிர் மூலையாக மறுபடி முறுக்குங்கள். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் ஏஎம்5-ல் ஒரு ரேம் சேனல் காணாமல் போகும். விண்டோஸ் போட்டு ஓடவிட்ட பிறகு எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள்.

எக்ஸ்போ போட்டு சேவ் செய்ததும் திரை மறுபடி கறுப்பாகும், மஞ்சள் விளக்கு எரியும், ட்ரெய்னிங் நடக்கும். பத்து நிமிடம் வரை கை வைக்காதீர்கள். அதற்கு மேலும் வராவிட்டால் சிமாஸ் க்ளியர் செய்தால் 4800-க்குத் திரும்பிவிடும்.

அஞ்சறைப்பெட்டி

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஒரு நிமிஷம் கிட்ட கறுப்பாவே நின்னா, பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு ஒரு செட்டிங் இருக்கும், எனேபிள் பண்ணுங்க. பழைய ட்ரெய்னிங் கணக்கையே எடுத்துக்கிட்டு சீக்கிரம் ஆன் ஆகும். அதைப் போட்ட பிறகு நீலத்திரை, ஹேங் ஏதாச்சும் வந்தா திருப்பி டிசேபிள் பண்ணிடுங்க, கொஞ்சம் மெதுவா ஆனாலும் பரவாயில்ல. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவ்ல போட்டு ராத்திரி ஓடவிடுங்க. ஒரு எர்ரர் வந்தாக்கூட எக்ஸ்போவை எடுத்துட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் எர்ரர் வந்தா ரேமை மாத்தணும், அதுக்குத்தான் அந்த ஏழு நாள் கெடுவுக்குள்ள இதை முடிச்சிடணும்.